தோட்டாவும் துலாக்கோலும்

கைத்துப்பாக்கியிற் பயன்படும் தோட்டாக்களுள் எது சிறந்தது என்னும் வினா, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக முடிவு காணாத வழக்காக இருந்துவருகின்றது. படைத்துறையினரும் பொலிசாரும் மட்டுமன்றி வைத்தியர்களும் பொறியியலாளரும் பௌதிக அறிஞரும் இவ்வழக்கிற் பங்குகொண்டுள்ளனர். இலக்கியப் பக்கத்தைப் புரட்டும் வாசகர் இப்பொருளை ஈண்டுக் கண்டு வியப்புறலாம். ஆயினும், ஒரு சொல் எவ்வாறு பிறந்தது, அளக்கப்படாமலே அளவைபோல எவ்வாறு நடமாடியது, படைகளின் முடிவுகளை எவ்வாறு வழிநடத்திற்று என்பதே இவ்வழக்கின் உட்பொருள். ஆதலால் சொல்லை ஆள்வோர்க்கும் அதனைக் கற்பிப்போர்க்கும் இதிற் கொள்ளத்தக்கது உண்டென நான் கருதுகின்றேன்.

முதலிற் சில பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தோட்டா என்பது நான்கு உறுப்புகள் சேர்ந்த ஒன்று: பித்தளைக் கோது, அதன் அடியில் அடிபட்டதும் தீப்பொறி எழுப்பும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயிற் பொருத்தப்பட்ட சன்னம். துப்பாக்கியை விட்டுப் பறந்து செல்வது சன்னம் மட்டுமே. ஆங்கில வழக்கில் .45 என்றால், சன்னத்தின் குறுக்களவு ஓர் அங்குலத்தை நூறு கூறாக்கியதில் நாற்பத்தைந்து கூறு, அதாவது ஏறத்தாழ 11.5 மில்லிமீற்றர் என்று பொருள். .38 என்னும் பெயரோ சற்று ஏமாற்றுவது. பழைய கோதின் அளவிலிருந்து வந்த அப்பெயரைத் தாங்கிய சன்னத்தின் உண்மையான குறுக்களவு 9 மில்லிமீற்றரை ஒட்டியதே.

ஐக்கிய அமெரிக்க இராணுவம் 1873 முதல் .45 அளவுடைய கோல்ட் ரிவோல்வரைப் பயன்படுத்திவந்தது. 1892இல் அதனைக் கைவிட்டு, .38 அளவுடைய இலகுவான ரிவோல்வரை ஏற்றது. 1898ஆம் ஆண்டுப் போரின் முடிவில் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன் தீவுகள் அமெரிக்காவின் கைக்கு மாறின. தெற்கே மிண்டனாவோவிலும் சூலுத் தீவுகளிலும் வாழ்ந்த மோரோ என்னும் முஸ்லிம் மக்கள் புதிய ஆட்சியை ஏற்க மறுத்து வாளேந்தினர். பல சன்னங்களை உடலில் வாங்கிய பின்னரும் மோரோ வீரர் நில்லாது பாய்ந்து வந்து வெட்டினர் என்று அமெரிக்க அதிகாரிகள் முறையிட்டனர். .38 தோட்டாவுக்கு எதிரியைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் இல்லை என்பதே முறைப்பாட்டின் சாரம். ஆங்கிலத்தில் அவர்கள் ஆண்ட தொடரை ‘நிறுத்துவலு’ எனத் தமிழிற் குறிக்கின்றேன். நம் கதையின் நாயகன் இச்சொல்லே.

1904இல் இம்முறைப்பாட்டை ஆராய இருவர் நியமிக்கப்பட்டனர். ஒருவர் போர்க்கருவித் துறையைச் சேர்ந்த ஜோன் தொம்சன். பின்னாளில் தம் பெயரால் வழங்கிய இயந்திரத் துப்பாக்கியால் உலகறியப்பட்டவர். மற்றவர் இராணுவ வைத்தியர் லூயி லகார்ட். சிக்காகோ நகரின் இறைச்சித் தொழுவங்களில் உயிருள்ள மாடுகளையும் குதிரைகளையும் பல்வகைத் தோட்டாக்களாற் சுட்டுப் பார்த்தனர். மனிதப் பிரேதங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, அவை எவ்வளவு ஊசலாடின என்று குறித்தனர். ஈற்றில், போர்வீரனின் கைத்துப்பாக்கிக்குரிய சன்னம் .45க்குக் குறைந்ததாக இருத்தலாகாது எனத் தீர்ப்பளித்தனர்.

இச்சோதனையைச் சற்றே உற்றுநோக்குவோம். முதல் நாள் ஒருசில சன்னங்களைச் செலுத்திவிட்டு விலங்கின் நிலையைப் பார்த்திருந்தனர். அடுத்த நாள் முறையை மாற்றி, விலங்கு வீழும்வரை அல்லது பத்துச் சன்னங்கள் செலவாகும்வரை விரைந்து சுட்டனர். சன்னம் புகுந்த இடம் விலங்குக்கு விலங்கு வேறுபட்டது. பிரேதத்தின் ஊசலாட்டம் உயிருள்ளவன் நிற்பதற்கோ வீழ்வதற்கோ எவ்வாறு அளவாகும் என்பது விளக்கப்படவில்லை. வினா ஒன்றாகவும் அளந்தது வேறொன்றாகவும் இருந்தது. எனினும் அவ்விருவரும் நேர்மையாளர். உயிர்நிலையிற் படாத சன்னத்தால் உடனடிப் பயன் கிட்டாது, ஆதலால் வீரர்க்குக் குறிதவறாது சுடும் பயிற்சியை இடைவிடாது அளிக்கவேண்டும் என்றும் எழுதிவைத்தனர். தீர்ப்பின் முதற்பகுதி புகழடைந்தது. இரண்டாம் பகுதியைப் பலரும் மறந்தனர்.

லகார்ட் பின்னர் எழுதிய நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1905 ஒக்டோபரில் சாமார்த் தீவில் தப்பியோட முயன்ற கைதி ஒருவன் .38 ரிவோல்வரால் மிக அருகிலிருந்து நான்கு முறை சுடப்பட்டான். மூன்று சன்னங்கள் நெஞ்சினுள் நுரையீரலைத் துளைத்தன. அவன் அடங்கவில்லை. ஈற்றில் துப்பாக்கியின் அடிக்கட்டையால் நெற்றியில் அடித்தே அவனை வீழ்த்தினர். .38இன் தோல்விக்குச் சான்றாக இதனை எடுத்துக்காட்டுவோர் பலர். ஆயின் அதே இடங்களிற் பெரிய சன்னம் பாய்ந்திருப்பின் அவன் வீழ்ந்திருப்பானா என்பதற்கு அந்நிகழ்ச்சியில் விடையில்லை.

அமெரிக்க இராணுவம் 1911இல் ஜோன் பிரௌணிங் வகுத்த .45 தானியங்கிக் கைத்துப்பாக்கியை ஏற்றது. 1985வரை அதுவே அதன் முதன்மைக் கைத்துப்பாக்கியாக விளங்கிற்று. ஐரோப்பாவோ வேறு வழி சென்றது. ஜேர்மனியில் ஜோர்ஜ் லூகர் 1902ஆம் ஆண்டளவில் அமைத்த 9 மில்லிமீற்றர்த் தோட்டாவை அந்நாட்டுக் கடற்படை 1904இலும் தரைப்படை 1908இலும் ஏற்றன. ‘பராபெல்லம்’ என்னும் அதன் பெயர், போருக்கு ஆயத்தஞ் செய் எனப் பொருள்படும் இலத்தீன் தொடர்.

இவ்விரு தோட்டாக்களையும் பாடசாலைப் பௌதிகத் துலாக்கோலில் இட்டுப் பார்ப்போம். .45 சன்னத்தின் திணிவு ஏறத்தாழ 15 கிராம். அது செக்கனுக்கு ஏறத்தாழ 255 மீற்றர் வேகத்தில் வெளிப்படும். 9 மில்லிமீற்றர்ச் சன்னம் 8 கிராம். வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர். இயக்கசக்தியைக் கணித்தால் இரண்டும் ஏறத்தாழ 490 யூல், வேறுபாடே இல்லை. உந்தத்தைக் கணித்தால் .45க்கு 3.8, 9 மில்லிமீற்றருக்கு 2.8, பெரியது வெல்கின்றது. துப்பாக்கி கொள்ளும் தோட்டாக்களை எண்ணினால் 1911ஆம் ஆண்டுத் துப்பாக்கியின் கூட்டில் ஏழு; 1985இல் அதற்குப் பதிலாக வந்த 9 மில்லிமீற்றர்த் துப்பாக்கியின் கூட்டிற் பதினைந்து; சிறியது வெல்கின்றது. சக்தியைப் பேசுவோர் சமன் என்பர், உந்தத்தைப் பேசுவோர்.45 என்பர், தொகையைப் பேசுவோர் 9 என்பர். மூவரும் பொய் சொல்லவில்லை. எந்தக் கோலை எடுத்தோமோ அந்தக் கோலே தீர்ப்பை முன்கூட்டி எழுதிவிடுகின்றது.

பெரிய சன்னம் ஆளைத் தூக்கி எறியும் என்னும் நம்பிக்கையையும் இதே கணக்குத் தகர்த்துவிடும். 3.8 அலகு உந்தம் முழுவதையும் 70 கிலோகிராம் எடையுள்ள மனிதன் ஏற்றாலும், அவன் பெறும் வேகம் செக்கனுக்கு ஐந்தரைச் சென்ரிமீற்றரை எட்டாது. தவழும் குழந்தை அதனினும் விரைந்து செல்லும். மேலும், நியூற்றனின் மூன்றாம் விதிப்படி அந்த உந்தத்துக்குக் குறையாத உதைப்பைச் சுடுபவனின் கையும் ஏற்கின்றது. அவன் வீழ்வதில்லையே! திரைப்படத்திற் சுடப்பட்டவர் பின்னோக்கிப் பறப்பது பட முதலாளியின் பௌதிகம், நியூற்றனுடையதன்று.

அங்ஙனமாயின் சுடப்பட்ட மனிதன் ஏன் வீழ்கின்றான்? மூளையோ முள்ளந்தண்டின் மேற்பகுதியோ சிதைந்தால் உடனே வீழ்வான். ஏனைய இடங்களிற் பட்டால் குருதி இழப்பினால் வீழ்வான். அதற்குக் காலம் வேண்டும். இதயமே சிதைந்தாலும் மூளையில் எஞ்சிய ஒட்சிசன் பத்துப் பதினைந்து செக்கன்களுக்கு அவனைச் செயற்படுத்தப் போதும் என்பது ஆய்வாளர் கூற்று. இவற்றுக்கு முன்னரே வீழ்பவன் அச்சத்தாலோ, வலியாலோ, சுடப்பட்டோம் என்ற உணர்வாலோ வீழ்கின்றான். அவ்வுணர்வை வென்றவனை நிறுத்தும் தனி வலு எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டாவிலும் இல்லை.

சன்னத்தின் பருமனோடு அதன் வடிவமும் வழக்கில் நுழைந்தது. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் ஆயுதசாலையில் 1890களில் நுனி மிருதுவான துப்பாக்கிச் சன்னம் உருவாயிற்று. உடலினுட் சென்றதும் அது மலர்ந்து பெருங்காயம் விளைக்கும். 1899இல் ஹேக் நகரிற் கூடிய மாநாடு அத்தகைய சன்னங்களைப் போரிற் பயன்படுத்தலாகாதென்று பிரகடனஞ் செய்தது. ஆயின் அப்பிரகடனம் நாடுகளுக்கிடையிலான போரை மட்டுமே கட்டுப்படுத்திற்று. அதனால் இன்று பகைநாட்டுப் படைவீரன்மீது ஏவத்தகாத மலரும் சன்னம், பல நாடுகளிற் பொலிசாரின் இடுப்பில் இருக்கின்றது. ஊடுருவிச் சென்று அப்பால் நிற்பவரைக் கொல்லாது உடலிலேயே தங்கும் என்பது அதற்குக் கூறப்படும் நியாயம். அந்நியாயத்தில் உண்மையுண்டு. ஆயினும் ஓரிடத்திற் கொடுமை எனப்பட்டது வேறிடத்திற் பாதுகாப்பு எனப்படுவதை நாம் கவனியாதிருத்தல் ஆகாது.

1986 ஏப்பிரல் 11ஆந் திகதி மயாமி நகரில் அமெரிக்க சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தைச் சேர்ந்த எண்மர் இரு கொள்ளையரை எதிர்கொண்டனர். பணியகத்தினர் இருவர் இறந்தனர். ஐவர் காயமுற்றனர். கொள்ளையர் இருவரும் மாண்டனர். தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து மார்பிற் புகுந்த 9 மில்லிமீற்றர்ச் சன்னம், இதயத்துக்கு ஓர் அங்குலம் இப்பால் நின்றுவிட்டது. அவன் மேலும் சில நிமிடங்கள் போரிட்டான். தோட்டாவே குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டது. பணியகம் பெரிய 10 மில்லிமீற்றர்த் தோட்டாவை நாடியது. அதன் உதைப்புப் பலருக்கு மிகையானதால் வலுவைக் குறைத்தனர். குறைத்த வலுவுக்கு நீண்ட கோது வேண்டாமையால் 1990இல் .40 என்னும் குறுந்தோட்டா பிறந்தது.

அத்தோல்வியால் நன்மை ஒன்றும் விளைந்தது. ‘நிறுத்துவலு’ என்னும் மாயச் சொல்லை விடுத்து, பணியகம் அளக்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தது. பத்துவீத ஜெலற்றின் பாளத்திற் சன்னம் 12 முதல் 18 அங்குலம்வரை புகவேண்டும் என்பது விதியாயிற்று. ஜெலற்றின் மனிதனன்று, எலும்பும் அச்சமும் அதற்கில்லை. ஆனால் இன்று அளந்ததை நாளை வேறொருவர் அளந்து சரிபார்க்கலாம். அக்கோலால் அளந்தபோது, புதிய முறையிற் செய்த 9 மில்லிமீற்றர்ச் சன்னங்கள் .40, .45 ஆகியவற்றுக்கு ஏறத்தாழ நிகராயின. 2014இல் பணியகத்தின் பயிற்சிப் பிரிவு 9 மில்லிமீற்றருக்கே மீளுமாறு கூறியது. மோதல்களிற் சுடப்படும் சன்னங்களிற் பத்துக்கு ஏழு எட்டுக் குறிதவறுகின்றன என்பதும், உதைப்புக் குறைந்த தோட்டாவால் விரைவாகவும் செம்மையாகவும் சுடலாம் என்பதும் அது கூறிய காரணங்கள். 1904இல் மறக்கப்பட்ட இரண்டாம் பகுதி, நூற்றுப்பத்து ஆண்டுகளின் பின் தலைமையிடம் பெற்றது.

ஆகவே, குறித்த பணிக்கு 9 மில்லிமீற்றர் தகுதியுடையது என்பதை நான் ஒப்புவேன். அது ‘சிறந்தது’ என்று மட்டும் சொல்லேன். எதற்கு, யாருடைய கையில், எந்தக் கோலால் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையில்லாத இடத்திற் ‘சிறந்தது’ என்பது வெறும் ஓசை. பிற துறை ஒப்பீடுகளுக்கும் இது பொருந்தும். மாணவன் ஒருவன் புள்ளிவிவரத்தோடு வந்து இது உயர்ந்தது என்றால், என்ன அளந்தாய் என்று கேட்பதே ஆசிரியரின் முதற் கடமை.

இன்னுமொன்று சொல்லவேண்டும். 1983 முதல் 2009வரை போர் நடந்த நாட்டில் வாழும் நமக்கு இவ்வழக்கை வெறும் கணக்காகப் படித்துவிட முடியாது. மோரோ வீரன் ஏன் நிற்கவில்லை என்று கேட்டவர் அனைவரும் துப்பாக்கியின் பிடியிலிருந்தே கேட்டனர். சன்னம் பாயும் முனையிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. 1906 மார்ச்சில், ஜொலோத் தீவிலுள்ள பூட் டாஜோ என்னும் எரிமலை வாயில் அடைக்கலம் புகுந்த மோரோக்கள்மீது அமெரிக்கப் படை ஏறிச்சென்றது. ஆடவரோடு பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் அங்கு மடிந்தனர். மலைப் பீரங்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் ஆடிய களம் அது. நிறுத்துவலு போதாதென்று அங்கே எவரும் முறையிடவில்லை.