பலாக்கத்தியின் பிடி

சித்திரை பிறந்துவிட்டால் வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கம் ரோட்டோரமெல்லாம் பலாப்பழ வாசனைதான். எங்கள் அப்பத்தா பழம் அரிவதற்கு முன் இரண்டு காரியம் செய்யும். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ளும், பால் ஒட்டாமலிருக்க. முதல்நாள் இரவே கத்தியின் பிடி மட்டும் முங்குகிற மாதிரி தண்ணீர்ச் சட்டியில் சாய்த்து வைத்திருக்கும், பிடி ஆடாமலிருக்க. வெயிலில் வற்றிச் சுருங்கிய பூவரசங்கட்டை ராத்திரியெல்லாம் தண்ணீர் குடித்துப் பருத்து, உள்ளே இருக்கும் இரும்பைக் கவ்விக்கொள்ளும். காய்ந்ததும் மறுபடி ஆட்டம் கொடுக்கும். வாய்தா வாங்குகிற வேலைதான். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கொல்லுப்பட்டறைக்குப் போயே ஆகவேண்டும்.

பட்டறையில் நான் பார்த்து நின்றது பிடி மாட்டும் அரக்கு வேலையைத்தான். அன்றைய கத்திக்கும் அரிவாளுக்கும் பின்பக்கம் எலிவால் மாதிரி ஒல்லியாக ஒரு காம்பு இருக்கும். கட்டையில் துளை போட்டு, முனை பிளந்துவிடாமல் ஒரு பூண் மாட்டி, துளைக்குள் அரக்கையும் செங்கல் பொடியையும் கலந்து நிரப்புவார்கள். காம்பைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே இறக்கினால் அரக்கு இளகி, புகைந்து, ஓரத்தில் கறுப்பாகப் பிதுங்கும். ஆறியதும் கல். பிடி உடைந்தால் மறுபடி நெருப்பில் காட்டி உருவிவிட்டு வேறு கட்டை போட்டுக்கொள்ளலாம். இளகுவதும் இறுகுவதுமாகப் பல தடவை உழைக்கும் சாமான் அரக்கு. இளகுவதுதான் அதன் வம்பும். ஒருநாள் அடுப்போரம் மறந்து வைத்த கத்தியை அப்பத்தா எடுத்தபோது, பிடி மட்டும் கையோடு வந்தது.

இன்று சில கத்திகளுக்குக் காகிதத்தாலேயே பிடி வருகிறது. இந்த அரக்குக்கும் அந்தக் காகிதப் பிடிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அரக்கு என்பது மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சின்னப் பூச்சியின் சுரப்பு. நம் நாட்டிலிருந்துதான் அது பெருமளவில் கப்பலேறியது. மின்சாரம் பரவத் தொடங்கியபோது காப்புப் பூச்சுக்கு அதையே நம்பியிருந்தார்கள். தேவை கூடியது, பூச்சியோ தன் வேகத்தில்தான் சுரந்தது. அரக்குக்கு மாற்றுத் தேடியவர்களில் ஒருவர் லியோ பேக்லண்ட், பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வேதியியலாளர். பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்து 1907இல் அவர் கண்ட பொருள்தான் பேக்லைட். அரக்குக்கு நேர் எதிர்க் குணம் அதற்கு. ஒருமுறை சூட்டில் இறுகிவிட்டால் பிறகு எத்தனை சூடு காட்டினாலும் இளகாது, கருகத்தான் செய்யும்.

அந்தப் பிசினில் காகிதத்தை ஊறவைத்து, உலர்த்தி, தாள்மேல் தாளாக அடுக்கி, 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் கனத்த பிரஸ்ஸில் கொடுத்து அழுத்தினால் தாள் தாளாகப் பிரியாத ஒரே பலகையாகிவிடும். 1910 வாக்கில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி இதை மைகார்ட்டா என்ற பெயரில் மின்காப்புக்காகச் செய்தது. அங்கிருந்து வெளியேறிய இருவர் தொடங்கியது பார்மிகா. மைக்காவுக்குப் பதில் என்பதே அந்தப் பெயருக்குப் பொருள். நம் வீட்டு அலமாரியின் சன்மைக்காவும், பழைய சுவிட்ச் போர்டில் எலக்ட்ரீஷியன் மாட்டிய பழுப்பு ஹைலம் ஷீட்டும் இதே வம்சம். கத்திப் பிடிக்கு அது பிறகு வந்து சேர்ந்தது.

காகிதம் என்றால் எங்கள் மாவட்டத்தில் நினைவுக்கு வருவது வேறு. குளமங்கலம் அய்யனார் கோயிலின் 30 அடிக்கு மேல் உயர்ந்த குதிரைக்கு மாசி மகத்தன்று ஆயிரக்கணக்கில் காகிதப்பூ மாலை சாத்துவார்கள். ஒரு மழை போதும், சாயம் வழிந்து கூழாகிவிடும். இன்னொன்று தைலமரக் காடு. 1974இல் தொடங்கிய வனத்தோட்டக் கழகம் காகித ஆலைகளுக்காக இங்கே ஏக்கர் ஏக்கராக வளர்த்த மரம். நிலத்தடி நீரைக் குடித்துவிட்டது என்று விவசாயிகள் இன்றும் குமுறுவது அதைப் பார்த்துத்தான். தைலமரத்தின் நார் குட்டையானது, எழுதும் தாளுக்குத் தோது. பிசினில் ஊறவைக்கும் முரட்டுப் பழுப்புத் தாளுக்கு ஊசியிலை மரத்தின் நீண்ட நார்தான் பலம். ஆகவே எங்கள் மரமே எங்கள் கத்திக்குத் திரும்பிவந்தது என்று அழகாக எழுத வழியில்லை.

நான் ஹைலம் துண்டு இரண்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனபோது ஆசாரி அண்ணன் சிரித்தார்.

"காயிதத்துலயா பிடி? மழ பேஞ்சா?"

"தண்ணியில போட்டுப் பாருங்கண்ணே."

காய்ச்சிய இரும்பைத் தோய்க்கும் துவைச்சல் தொட்டியில் போட்டார். மரமென்றால் மிதக்கும். இது சட்டென்று அடியில் போய் உட்கார்ந்தது. முகம் மாறிவிட்டது. பழக்கத்தில் ஒரு கம்பியைக் காய்ச்சி அதில் குத்திப் பார்த்தார். இளகவில்லை. கருகி, ஆஸ்பத்திரித் தரை கழுவுகிற மருந்து வாடை அடித்தது.

"அப்ப எலிவால் ஆகாது" என்றார்.

மாற்றம் பிடியில் மட்டும் நிற்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. காம்பைச் செருகும் வேலை இனி இல்லை. கத்தியின் வாலையே அலகின் அகலத்துக்கு நீட்டி அடிக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஹைலம் வைத்துப் பித்தளை ஆணி மூன்று அடிக்க வேண்டும். கத்தி அடிக்கிற லாரிப் பட்டை இரும்பு கூடுதலாகச் செலவாகிறது, கத்தியும் கனக்கிறது. அரக்கு, செங்கல் பொடி, பூண் மூன்றுக்கும் வேலை போய்விட்டது.

தேய்ப்பதுதான் நேரம் பிடித்தது. அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது, அதனால் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு தண்ணீர் தெளித்துத் தெளித்து உப்புத்தாள் போட்டார். ஓரம் வளைய வளைய, அடுக்குத் தாள்கள் வரி வரியாக வெளிப்பட்டன. கோடையில் கண்மாய் வற்றும்போது கரையில் தண்ணீர் விட்டுப்போகும் தடம் மாதிரி. இன்னும் மழுமழுவென்று ஆக்கட்டுமா என்றார். வேண்டாமென்றேன். காகிதப் பிடியைப் பளபளப்பாக்கினால் கண்ணாடிதான், எண்ணெய்க் கையில் நிற்காது.

கடைத்தெருவில் விற்பதெல்லாம் பிளாஸ்டிக் பிடிதான். காகிதப் பிடி விலை கூடிய கத்திகளில்தான் வருகிறது. மரத்தின் மேல் எனக்குப் பாசம் உண்டு. இருந்தாலும் வெட்டுக்கத்தி விஷயத்தில் நான் காகிதத்தின் கட்சி. தண்ணீர் ஏறாது, வெயிலில் சுருங்காது, பலாப்பால் பிடித்தாலும் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போகிறது. குறை ஒன்றே ஒன்று. வெடித்துவிட்டால் நெருப்பில் காட்டி உருவ முடியாது, ஆணியைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு பலாப் பருவம் ஓடிவிட்டது, பிடி ஆடவில்லை. ஆனாலும் பழம் அரிகிற நாளுக்கு முந்தின இரவு, அம்மா அந்தக் கத்தியைச் சட்டித் தண்ணீரில் சாய்த்து வைத்துவிடுகிறார், அப்பத்தா வைத்த அதே மூலையில்.

"இது தண்ணி குடிக்காதும்மா."

"குடிக்காட்டிப் போகுது. கெடக்கட்டும்டா."