உங்களுக்குத் தெரியுமா? பாவமன்னிப்பு வழங்கிய மடத்துத் தலைவிகள்

கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பு வழங்கும் அதிகாரம் குருக்களுக்கே உரியது. ஆயர்களும் அதில் அடக்கம். திருச்சபைச் சட்டத்தின் 965ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். ஆணாக இருந்தால் மட்டும் போதாது: திருத்தொண்டருக்கும், குருப்பட்டம் பெறாத துறவறச் சகோதரருக்கும் இந்த அதிகாரம் இல்லை. குருப்பட்டமோ, 1024ஆம் பிரிவின்படி, திருமுழுக்குப் பெற்ற ஆணுக்கு மட்டுமே. இயேசு திருத்தூதர்களாக ஆண்களையே தேர்ந்தார், பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அவர்களிடமே ஒப்படைத்தார் என்பது திருச்சபை காட்டும் காரணம். யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரம் இதற்கு ஆதாரம்.

ஆனால் வரலாறு அத்தனை நேர்க்கோடாக நடக்கவில்லை.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் புர்கோஸ், பலென்சியா பகுதிகளில் கன்னியர் மடங்களின் தலைவிகள் தம் கன்னியரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார்கள். நற்செய்தி வாசித்துப் பொதுவில் பிரசங்கமும் செய்தார்கள். செய்தி ரோமுக்கு எட்டியது. 1210இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் கடிதம் எழுதித் தடைவிதித்தார். கன்னி மரியா திருத்தூதர் அனைவரையும்விட மேலானவர் என்று அந்தக் கடிதமே ஒப்புக்கொள்கிறது. இருந்தும் மன்னிக்கும் அதிகாரத்தைக் குறிக்கும் விண்ணரசின் திறவுகோல்கள் அவரிடம் தரப்படவில்லை என்பது திருத்தந்தையின் வாதம். பெண்களின் தகுதிக்குறைவைக் காரணம் காட்டாத இந்த வாதம் கூர்ந்து கவனிக்கத்தக்கது.

புர்கோஸ் நகரின் லாஸ் உவெல்காஸ் மடத் தலைவிகள் அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் ஆயருக்கு நிகரான நிர்வாக அதிகாரம் செலுத்தினர். அதை முடிவுக்குக் கொண்டுவந்தவர் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ், ஆண்டு 1873.