சுஷியில் முதலிடம் சோற்றுக்கே

மெரிலேண்ட்ஸ், வென்ட்வொர்த்வில் முதலிய மேற்குச் சிட்னிப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறை நாளில் மேன்லிக்கோ டெரிகலுக்கோ கடற்கரை காணச் செல்லும்போது, அங்குள்ள சுஷி உணவகத்தைப் பச்சை மீன் பரிமாறும் இடமாக மட்டுமே எண்ணிக் கடந்துவிடுவதுண்டு. உண்மையில் சுஷி ஒரு சோற்றுப் பண்டம். மீனை உப்பிட்டுச் சோற்றுக்குள் பொதிந்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த பழைய முறையிலிருந்து கிளைத்த இவ்வுணவு, 19ஆம் நூற்றாண்டில் எடோ எனப்பட்ட இன்றைய டோக்கியோவின் தெருக்கடைகளில், கையால் பிடித்த சோற்றின்மேல் மீன்துண்டை வைக்கும் 'நிகிரி'யாக வடிவம் பெற்றது. சுடுசோற்றில் அரிசி வினிகர், சர்க்கரை, உப்பு ஆகியவற்றைக் கலந்து, விசிறியபடியே கிளறி, உடற்சூட்டளவுக்கு ஆறியதும் பிடிப்பர்; அந்தச் சோறு குளிர்ந்து இறுகிப்போனால் எவ்வளவு உயர்ந்த மீனும் அதைக் காப்பாற்றாது.

ஆஸ்திரேலிய நெல்லுக்கும் இதில் தொடர்புண்டு. 1906இல் விக்டோரியாவின் ஸ்வான் ஹில் அருகே நிலம் பெற்று ஜப்பானிய நெல்வகைகளைப் பயிரிட்டுப் பார்த்தவர் ஜோ தகசுகா என்னும் ஜப்பானியர். நியூ சவுத் வேல்ஸின் லீட்டன் வட்டாரத்தில் 1924 முதல் நெல் வணிகப் பயிரானது.

தட்டுகள் பட்டையில் நகர்ந்து வரும் உணவகத்தை ஆஸ்திரேலியர் 'சுஷி ட்ரெயின்' என்பர். பீர் ஆலையின் நகரும் பட்டையைக் கண்டு யோஷியாகி ஷிராயிஷி 1958இல் ஒசாகா அருகே தொடங்கிய இம்முறையில், பெரும்பாலும் தட்டின் நிறமே விலையைக் காட்டும். நிகிரியைக் கையால் எடுத்து உண்பது ஜப்பானிய வழக்கத்துக்கு உகந்ததே என்பதால் நம்மவர் கூசவேண்டியதில்லை. சோற்றை சோயா சாஸில் ஊறவைத்தால் உதிர்ந்துவிடுமாதலால், கவிழ்த்து மீன்பக்கத்தை மட்டும் தொட்டுக்கொள்ள வேண்டும்.

சைவ உணவினர் கவனிக்கவேண்டியது வேறு. மிசோ சூப்புக்கு அடிப்படையான 'தாஷி' என்னும் சாறு பெரும்பாலும் சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திய சீவல்களிலிருந்து எடுக்கப்படுகிறது. ஈழத்துச் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாடும் இதே மீனே. முட்டைச் சுருளிலும், 'இனாரி' எனப்படும் பொரித்த டோஃபுப் பையிலும்கூட இச்சாறு சேர்வதுண்டு. ஆகவே வெள்ளரி, அவகாடோ உருளைகளைத் தவிர எதைக் கேட்பதாயினும், தாஷி சேர்ந்திருக்கிறதா என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நல்லது.