வழி கண்டுபிடிப்பதில் பெண்கள் பின்தங்கியவர்களா?

தேக்கா சந்தையிலிருந்து முஸ்தபாவுக்கு எப்படிப் போவது என்று இரண்டு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர், "சிராங்கூன் ரோட்டில் நேரா போங்க, காளியம்மன் கோயிலைத் தாண்டி, சையத் ஆல்வி ரோடு வந்ததும் திரும்புங்க" என்பார். இன்னொருவர், "வடகிழக்குப் பக்கம், பத்து நிமிஷ நடை" என்று முடித்துவிடுவார்.

இரண்டு பதிலும் சரிதான். பெண்கள் கண்ணில் படும் அடையாளங்களையும், ஆண்கள் அவற்றோடு திசை, தூரத்தையும் பயன்படுத்துவது சற்று அதிகம் என்கின்றன ஆய்வுகள். இது சராசரிக் கணக்கு மட்டுமே. திசை தெரியாமல் கார்ப்பேட்டையில் சுற்றும் மாமாக்களை நமக்கும் தெரியும்!

வித்தியாசம் பிறவியிலேயே வருகிறதா?

2016இல் 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற கைப்பேசி விளையாட்டு வெளியானது. வழி தவறுவது அல்ஸைமர் நோயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. அதை ஆராயத்தான் இந்த விளையாட்டு. வரைபடத்தைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு, பிறகு படகை ஓட்டவேண்டும். 4 மில்லியனுக்கும் அதிகமானோர் விளையாடினார்கள்.

57 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்த முடிவுகள் 2018இல் வெளிவந்தன. சராசரியில் ஆண்கள் முன்னிலை. ஆனால் சுவாரஸ்யம் அதில் இல்லை. இடைவெளி நாட்டுக்கு நாடு மாறியது. உலகப் பொருளியல் கருத்தரங்கின் பட்டியலில் ஆண்-பெண் சமத்துவம் குறைவாக உள்ள நாடுகளில் இடைவெளி பெரிது. சமத்துவம் கூடக் கூட அது சுருங்கியது. எல்லாமே பிறவியில் வருவதென்றால் இப்படி மாறுமா?

பொலிவியாவின் அமேசான் காட்டுப் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் நடந்த ஆய்வும் யோசிக்க வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூரத்து இடங்களின் திசையைக் காட்டச் சொன்னபோது, ஆண்-பெண் வித்தியாசமே தென்படவில்லை. சிறுவர்களிடமும் வித்தியாசம் குறைவு. வயது ஏற ஏறத்தான் கூடுகிறது. யாரைத் தனியாக வெளியே சுற்ற விடுகிறோம் என்பதற்கும் இதில் பங்கு இருக்கலாம். பருவமடையும்போது ஹார்மோன்களும் மாறுவதால், அதுதான் ஒரே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது.

தெரியாத இடத்தில் வழி தேடும்போது பெண்களுக்குப் பதற்றம் அதிகம் என்பதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. "உனக்கு வழியே தெரியாது" என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தால் பதற்றம் வராமல் என்ன செய்யும்? பதற்றம் இருந்தால் பழகிய பாதையை விட மனசு வராது. புதிய பாதையில் போகாவிட்டால் அந்த வட்டாரம் மனத்தில் பதியவும் பதியாது.

கணினியில் அமைத்த புதிர்ப்பாதைச் சோதனைகளில் ஆண்கள் குறுக்கு வழியை அதிகம் எடுக்கிறார்கள், பெண்கள் கற்ற பாதையிலேயே போகிறார்கள். ஆனால் இரவு 11 மணிக்குத் தனியாக வீடு திரும்பும் ஒரு பெண் இருட்டான சந்தைவிட்டு, வெளிச்சமான சாலையைச் சுற்றிப் போனால், அவருக்குக் குறுக்கு வழி தெரியவில்லை என்று அர்த்தமில்லை.