சிவப்பு விளக்கைப் போடுங்க, உள்ளே போகலாம்!

கதவைத் திறந்ததும் சட்டென்று சாத்திவிட வேண்டும். கனடாவின் மானிடோபாவில் ஜனவரி மாதம், வெளியே மைனஸ் முப்பது டிகிரி. ஆனால் அவசரம் குளிருக்காக இல்லை. ஒரு கீற்று வெளிச்சம் போனாலும் உள்ளே இருப்பவர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள்! அதனால்தான் சிவப்பு விளக்கு. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. நாம் அவர்களைப் பார்க்கலாம், அவர்களுக்கு நாம் தெரிய மாட்டோம். ஒளிந்து பார்க்கும் சுகமே தனி!

குளிர்காலத்தில் தேனீப் பெட்டிகளை வைக்கும் கொட்டகை இது. கூரை உயரத்துக்கு அடுக்கடுக்காய்ப் பெட்டிகள். விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் ஒரு ரீங்காரம். காலுக்குக் கீழே மொறுமொறு... செத்து விழுந்த தேனீக்கள்தான். கூட்டி மாளாது.

இவ்வளவு பெரிய கொட்டகைக்கு எத்தனை ஹீட்டர் என்றுதானே கேட்கிறீர்கள்? பெரும்பாலும் தேவையே இல்லை. தேனீக்கள் விடும் சூடே தாராளம். வெளிக்காற்றை இழுத்துக் குளிரவைப்பதுதான் பெரும்பாடு. நாலைந்து டிகிரியில் நிறுத்திவிட்டால் சாப்பாடு குறைச்சல், சச்சரவும் இல்லை. ஏறினால் வெளியே அலைவார்கள், இறங்கினால் சேமிப்பைத் தின்றே தீர்ப்பார்கள்.

எனக்குப் பிடித்தது குட்டிக் குடும்பங்கள்: நாலைந்து தேனடைச் சட்டம், ஒரு ராணி, சில ஆயிரம் பேர். கூட்டம் சிறுத்தால் ஆளுக்கு இழக்கும் சூடு அதிகம் என்பதால் இவர்களுக்குத்தான் கொட்டகை வரப்பிரசாதம். வெளியிலேயே விட வேண்டுமென்றால் ஒரு தந்திரம் இருக்கிறது. பெட்டியின் நடுவே மெல்லிய பலகை, இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். குளிர் வந்ததும் இரண்டு கூட்டமும் அந்தப் பலகையிலேயே வந்து ஒட்டிக்கொள்கின்றன! ஒன்றின் சூட்டில் மற்றது குளிர்காய்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுவில் ராணி, சுற்றிலும் பணிப்பெண்கள். இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் நடுங்கவைத்தே சூடு உண்டாக்குகிறார்கள். ஆண் தேனீக்களா? இலையுதிர்காலத்திலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளியாயிற்று. உழைக்காதவர்களுக்குச் சோறு கிடையாது, சும்மா சொல்லவில்லை!

இந்தப் பாடெல்லாம் ஒரு காலத்தில் இங்கே தேனீ வளர்த்தவர்கள் பலர் படவில்லை. தேனை எடுத்துக்கொண்டு கூட்டத்தையே கொன்றுவிட்டு, வசந்தத்தில் அமெரிக்காவிலிருந்து புதுத் தேனீக்களை எடைபோட்டு வாங்கினார்கள். 1987-இல் தேனீயைத் தாக்கும் உண்ணிக்குப் பயந்து கனடா அந்த வாசலை மூடியது. அதன்பிறகு ஒவ்வொரு குட்டிப் பெட்டிக்கும் மவுசு வந்துவிட்டது: வசந்தத்தில் ராணி செத்த பெட்டிக்கு மாற்று இங்கேதானே தயாராக இருக்கிறது?

கடைசி ரகசியம் கழிப்பறை. தேனீ கூட்டுக்குள் அசுத்தம் செய்யாது, நவம்பரில் உள்ளே வந்தால் வசந்தம் வரை அடக்கியே வைத்திருக்கும்! அதனால்தான் குளிருக்கு முன்பே கழிவு குறைவான சர்க்கரைப் பாகைக் குடிக்கக் கொடுத்து அனுப்புகிறார்கள். பெட்டிகளை வெளியே எடுத்து வைக்கும் முதல் வெயில் நாளில் வானமே மஞ்சளாகப் பொழியும்: மிச்சப் பனி, லாரி, தொப்பி, எதுவும் தப்பாது. அன்றைக்கு அக்கம்பக்கத்தில் யாராவது வெள்ளை வேட்டி உலர்த்தியிருந்தால் அவர் பாடு அவ்வளவுதான்!