புகையே ஊதும் ஊதாங்குழல்

விறகடுப்பு மங்கினால் பாட்டி என்ன செய்வார்? ஊதாங்குழலை எடுத்து இரண்டு ஊது ஊதுவார். தீ குப்பென்று எழும்பும். விறகு அதேதான், கூடியது காற்று மட்டும்தான். சரி, அடுப்பிலிருந்து வெளியே போகிற புகையே ஊதாங்குழலையும் ஊதிவிட்டால்? பாட்டிக்கு மூச்சு வாங்காது!

எஞ்சினுக்கு இப்படி ஒரு வழியைச் சொல்லி 1905இல் காப்புரிமை வாங்கினார் ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூகி. அதுதான் டர்போ. உங்கள் சுண்டுவிரல் அளவுகூடப் பருமன் இல்லாத ஒரு தண்டு, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு காற்றாடி. எஞ்சின் கக்கும் சூடான புகை ஒரு காற்றாடியைச் சுழற்றும். தண்டு ஒன்றுதானே? மறுமுனைக் காற்றாடியும் சேர்ந்து சுழன்று, வெளிக்காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல்! வீட்டு மின்விசிறி முழு வேகத்தில் 400 சுற்றைத் தாண்டுவதே அரிது.

அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்று ஒரு பந்தயம் உண்டு. காலியான பெரிய வாகன நிறுத்தத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை அடுக்கி, பாம்பு நெளிவது போலப் பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரே கார்தான் ஓடும், போட்டி கடிகாரத்தோடு. ஒரு கூம்பைத் தட்டினால் கணக்கில் 2 விநாடி ஏறும். வேலைக்கு ஓட்டிப்போகும் காரையே பலர் கொண்டுவருவார்கள். 1989இல் வந்த மாஸ்டா மியாட்டா என்ற குட்டிக் கார் இவர்களுக்குச் செல்லப்பிள்ளை. பழைய காரிலிருந்து கழற்றிய டர்போவை அதில் தாங்களே மாட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு.

அந்த மியாட்டாவின் எஞ்சின் 1.6 லிட்டர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அவ்வளவு காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் 3,000 முறை. பெருக்கிப் பாருங்கள்: 4,800 லிட்டர்! மொட்டைமாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டியில் ஐந்தைக் கிட்டத்தட்ட ஒரே நிமிடத்தில் காலி செய்கிற பசி. ஒரு கிராம் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டுமே!

டயர் கடையில் '30 வையுங்க அண்ணே' என்று காற்று அடிக்கச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதே கணக்கில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 14.7. வீட்டில் மாட்டும் டர்போ அதற்கு மேல் 7 கூட்டினாலே, எஞ்சினுக்குப் பாதிப் பங்கு காற்று கூடுதலாகக் கிடைக்க வேண்டும். ஆனால் கிடைக்காது. ஏன்? சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு பத்துத் தடவை வேகமாக அழுத்துங்கள். பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதா? அமுக்கினால் காற்று சூடாகும். 30 டிகிரியில் உள்ளே போன காற்று டர்போவை விட்டு வரும்போது 80 டிகிரியைத் தொட்டுவிடும். சூடான காற்று விரியும். அதே இடத்தில் குறைவாகத்தான் அடங்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, தீப்பொறி விழும் நேரம் வருமுன்பே பெட்ரோல் கலவை தானாகப் பற்றிக்கொள்வது. மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதையும் சேர்த்துத்தான். அடி பலமாக விழுந்தால் பிஸ்டனில் ஓட்டையே விழும். அதனால் காரின் முன்பக்கம் எதிர்காற்று படும் இடத்தில் இன்னொரு ரேடியேட்டர் போன்ற 'இன்டர்கூலர்' வைத்துக் காற்றைக் குளிர்விக்கிறார்கள். 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் இதற்கு வேடிக்கையான வைத்தியம்: தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தார்கள். அதன் தொட்டியை நிரப்பப் பலர் மறந்துபோனார்கள்! நம் வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கு நினைவிருக்கிறது?

இன்னொரு சிக்கல் நேரம். ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் டர்போ வேலை செய்யாது. முதலில் புகை பெருக வேண்டும், காற்றாடி வேகமெடுக்க வேண்டும். பெரிய காற்றாடி என்றால் எடை அதிகம், தாமதமும் அதிகம். நீண்ட நேர்ச்சாலையில் அது தெரியாது. கூம்புப் பாதையிலோ வளைவுக்கு வளைவு காலை எடுக்க வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும். பெரிய டர்போவை ஆசையாக மாட்டியவர் வளைவிலிருந்து வெளியே வரும்போது மிதிப்பார், ஒன்றும் நடக்காது. இன்னும் அழுத்துவார். அடுத்த வளைவு வந்துவிடும், சரியாக அப்போது பார்த்து டர்போ விழித்துக்கொள்ளும்! பின்சக்கரங்கள் வழுக்கி, கார் பக்கவாட்டில் போய் மூன்று கூம்புகளைச் சாய்க்கும்.

ஆறு விநாடி போச்சு. அடுத்த மாதம் அதே கார் திரும்பி வரும்போது, பானெட்டுக்குள் தேங்காயளவு டர்போ இருந்த இடத்தில் ஆரஞ்சுப் பழ அளவில் ஒன்று உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.