வலிக்காத கட்டியும் மதுரை வரையிலான தூரமும்

மார்பில் புற்றுநோயாக வளரும் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. குளிக்கும்போது கையில் தட்டுப்படும், கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான். காய்ச்சல் வராது. பசி குறையாது. வேலைக்குப் போக முடியாமல் படுக்கவும் வைக்காது. இராமேஸ்வரம் கரையோரப் பெண்களிடம் இந்த நோயைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களை எண்ணிப் பாருங்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி மூழ்குகிறார்கள். பாறை கிழித்த விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் இறங்குகிறார்கள். வலியோடு வேலை பார்த்தே பழகியவருக்கு வலிக்காத ஒன்று நோயாகத் தெரிவதில்லை. தலைச்சுமையாக மீன் விற்பவருக்கும், கோயில் வீதியில் சங்கும் சிப்பியும் விற்பவருக்கும் இதே கணக்குத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடும் தாய், தன் மார்பில் தட்டுப்பட்டதை மட்டும் "வலிக்கவே இல்லையே, அப்புறம் காட்டிக்கலாம்" என்று தள்ளிவைக்கிறார். கணவர் கடலுக்குப் போயிருந்தால் சொல்ல ஆள் இல்லை. அவர் இலங்கைச் சிறையில் இருந்தால் தன்னைப் பற்றி நினைக்கவே நேரம் இல்லை. இதற்கு மேல், மார்பு என்பதால் வரும் கூச்சம்.

அந்தத் தள்ளிவைப்புக்கு நாம் கொடுக்கும் விலை பெரியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். உலகம் முழுவதற்கும் கணக்கு 23 லட்சம் பேர். இறந்தவர்கள் சுமார் 6,70,000. நம் நாட்டில் இருவருக்கு நோய் வந்தால் ஒருவர் இறக்கும் விகிதம் இது. உலகக் கணக்கில் மூவருக்கு மேல் நோய் வந்தால்தான் ஓர் இறப்பு. நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகள் கழித்து உயிரோடு இருப்பவர்கள் அமெரிக்காவில் நூற்றுக்கு 90 பேர், இந்தியாவில் 66 பேர் என்று 2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வு சொன்னது. இந்த இடைவெளிக்கு உடல்கூறு சார்ந்த காரணங்களும் ஓரளவு உண்டு. நம் பெண்களுக்கு மேலை நாடுகளைவிடச் சுமார் பத்தாண்டு இளம் வயதிலேயே நோய் வருகிறது; வேகமாக வளரும் வகையும் இங்கே அதிகம். ஆனாலும் பெரிய காரணம் தாமதம்தான். கட்டி சிறிதாக இருக்கும்போது வருபவர்களைவிட, அக்குளிலும் நெறி கட்டி, தோல் புண்ணாகி வருபவர்கள் நம்மிடம் மிகுதி.

2023இல் உலகச் சுகாதார நிறுவனம் நாடுகளுக்கு மூன்று இலக்குகளை வைத்தது. நூற்றில் 60 பேருக்காவது நோய் முதல் இரண்டு நிலைகளிலேயே கண்டறியப்பட வேண்டும். மருத்துவரிடம் முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று உறுதியாக வேண்டும். சிகிச்சை தொடங்கியவர்களில் நூற்றுக்கு 80 பேராவது அதை முழுமையாக முடிக்க வேண்டும். இந்த மூன்று எண்களையும் இராமேஸ்வரத்தில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் இடறும் இடம் தெளிவாகத் தெரிகிறது. முதலாவது வீட்டுக்குள். இரண்டாவது தீவுக்கும் இராமநாதபுரத்துக்கும் நடுவில். மூன்றாவது மதுரைச் சாலையில்.

யாருக்கு வரும் என்பதில் குழப்பங்கள் நிறைய. பெண்ணாக இருப்பதும் வயது கூடுவதும் முதன்மையான காரணிகள். நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இவை தவிர வேறு எந்தக் காரணமும் காட்ட முடியாது. "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல" என்பது அதனால் பாதுகாப்பு ஆகாது. பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் நோய் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலும், குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய் இருந்தாலும் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். சிறு வயதிலேயே பூப்பெய்துவது, மாதவிடாய் தாமதமாக நிற்பது, முதல் குழந்தை முப்பது வயதுக்கு மேல் பிறப்பது அல்லது குழந்தையே இல்லாதது, மாதவிடாய் நின்ற பிறகு உடல் பருப்பது, மது ஆகியவை ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகின்றன. தாய்ப்பால் கொடுப்பது குறைக்கிறது: முப்பது நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2002இல் வந்த ஆய்வின்படி, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து சுமார் 4 சதவீதம் இறங்குகிறது. குறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. நான்கு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த தாய்க்கும் இந்த நோய் வரக்கூடும். அடிபட்டதால் வருவதில்லை, உள்ளாடையால் வருவதில்லை, தொட்டால் ஒட்டுவதில்லை, கண்ணேறும் சாபமும் காரணமில்லை. ஆண்களுக்கும் வரும்; நூறு நோயாளிகளில் ஒருவரோ அதற்கும் குறைவாகவோ.

கட்டி மட்டும் அறிகுறி இல்லை. காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, அதில் இரத்தம் கசிவது, காம்பில் ஆறாத புண், தோல் ஓரிடத்தில் சுருங்குவது அல்லது தடித்துச் சிவப்பது, ஒரு மார்பின் வடிவம் மாறுவது, அக்குளில் நெறி கட்டுவது ஆகிய எதைக் கண்டாலும் காட்ட வேண்டும். பாலூட்டும் தாய்க்குக் கட்டி வந்தால் பால் கட்டியிருக்கிறது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அதுதான். ஆனால் இரண்டு வாரத்தில் கரையாத கட்டியைப் பால் கட்டு என்று சொல்லிக்கொண்டே இருக்கக் கூடாது. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காட்டியவர்களில் நிம்மதியாகத் திரும்புபவரே அதிகம்.

எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்க நம்மிடம் கருவியும் இல்லை, படம் பார்த்துச் சொல்லும் மருத்துவர்களும் போதாது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை காட்டியிருக்கிறது. அங்கே ஒன்றரை லட்சம் பெண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை மட்டும் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். இருபது ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு 2021இல் வெளிவந்தது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. அதைவிட இளையவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. ஆனால் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. டாக்டர்கள் இல்லாமல், இயந்திரம் இல்லாமல், பழகிய கைகளால் நடந்தது இது. எனக்கு இந்தக் கடற்கரையைப் பற்றி நம்பிக்கை தரும் ஆய்வு இதுதான். இந்திய அரசின் வழிகாட்டுதலும் 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை இத்தகைய பரிசோதனை வேண்டும் என்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டுப் பெறலாம்.

கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகு பரிசோதனை மூன்று படி: மருத்துவர் கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் சதை எடுப்பது. நாற்பதைக் கடந்தவர்களுக்கு மேமோகிராம், இளையவர்களுக்குப் பெரும்பாலும் ஸ்கேன். மூன்றாவதுதான் பயாப்ஸி. நோயை உறுதி செய்வது அது ஒன்றே. பலர் பின்வாங்குவதும் அங்கேதான்: "ஊசி குத்துனா பரவிரும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பரவாது. உண்மையில் கெடுதல் செய்வது வேறு ஒன்று. எந்தப் பரிசோதனையும் இல்லாமல் கட்டியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, எடுத்த சதையை ஆய்வகத்துக்கும் அனுப்பாமல் தையல் போட்டு அனுப்புவது. அது புற்றுநோயாக இருந்தால், சில மாதம் கழித்துத் திரும்ப வரும்போது சரியான அறுவை சிகிச்சையே சிக்கலாகிவிடும். யார் கட்டியை எடுத்தாலும், "சதையை டெஸ்டுக்கு அனுப்புனீங்களா, ரிப்போர்ட் எங்கே?" என்று கேளுங்கள்.

இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சாதாரண ஆட்களுக்கு ஒரு நாளில் போய்வரும் தூரம். ஆனால் ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசிக்கு ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க ஒரு நாள், அது தயாராகவில்லை என்றால் இன்னொரு நாள் என்று அலைந்தால், தினக்கூலியில் வாழும் பெண் மூன்றாவது முறையே நின்றுவிடுவார். 60 நாள் இலக்கு உடைவது இப்படித்தான். ஸ்கேனையும் ஊசியையும் ஒரே நாளில் முடிப்பதும், ரிப்போர்ட் வந்ததும் போனில் அழைத்துச் சொல்வதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

பயாப்ஸி ரிப்போர்ட் நோய் உண்டா இல்லையா என்பதோடு நிற்காது. கட்டியின் செல்கள் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஹார்மோன்களை நம்பி வளர்கின்றனவா, ஹெர்2 என்ற புரதம் அவற்றில் மிகுந்திருக்கிறதா, அல்லது மூன்றுமே இல்லாத வகையா என்பதையும் சொல்லும். சிகிச்சை அதைப் பொறுத்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மருந்து உங்களுக்கு ஏன் இல்லை என்பதற்கு விடை அந்தத் தாளில் இருக்கிறது.

மார்பை முழுவதும் எடுத்தே தீர வேண்டும் என்ற காலம் போய்விட்டது. கட்டியையும் சுற்றிலும் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்து, பிறகு கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் காக்கும் பலன் அதேதான் என்று அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நடந்த இருபதாண்டுக் கண்காணிப்பு ஆய்வுகள் 2002இலேயே நிறுவின. சீக்கிரம் வருபவருக்கே அந்த வாய்ப்பு. அறுவை சிகிச்சைக்குச் சில நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தான லிக்னோகெயினைச் செலுத்தினால் பின்னாளில் நோய் திரும்புவது குறைகிறது என்று டாடா மருத்துவமனை தலைமையில் இந்தியாவில் 1,600 பெண்களிடம் நடந்த ஆய்வு 2023இல் சொன்னது. எந்தச் சிறு மருத்துவமனையிலும் கிடைக்கும் மலிவான மருந்து அது. கீமோ பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு முறையாகச் சில மாதங்கள் நீளும். முடி கொட்டும், மறுபடி முளைக்கும். ஹெர்2 வகைக்கு டிராஸ்டுசுமாப் ஊசி உண்டு. இந்திய நிறுவனங்களும் அதைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு விலை இறங்கியிருக்கிறது. ஹார்மோன் வகைக்கு டமாக்சிஃபன் போன்ற மாத்திரை, தினம் ஒன்று, ஐந்து முதல் பத்து ஆண்டுகள். உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாம் ஆண்டிலேயே மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தக் கூடாது.

கடினமான பகுதி கதிர்வீச்சு. ஊரில் அதைக் "கரண்டு வைக்கிறது" என்பார்கள். மின்சாரத்தை உடலில் பாய்ச்சுவார்களோ என்ற பயமும் கூடவே வருகிறது. அப்படி எதுவும் இல்லை. எக்ஸ்ரே போலச் சில நிமிடம், வலி தெரியாது. சிக்கல் வேறு: சனி, ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும், பொதுவாக மூன்று வாரம், சிலருக்கு ஐந்து வாரம். இந்தக் கரையிலிருந்து பெரும்பாலானோர் போவது மதுரைக்கு. அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இருக்கிறது. இராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். தினமும் போய்வர முடியாது, தங்க வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை தீவுக்காரர்களுக்கு ரயில் பயணமும் மண்டபத்திலிருந்துதான் தொடங்கியது.

தொலைவு நோயாளியைத் தோற்கடிக்கும் என்பதைக் கடலுக்கு அக்கரையிலும் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்கள் பல ஆண்டுகளாகக் கொழும்பை அடுத்த மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனை வரை போய்வந்தார்கள். 2011இல் ஒரு குழுவினர் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை இலங்கையின் நீளத்தை நடந்தே கடந்து பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனை 2013இல் திறந்தது. நம் முதல் தேவை அவ்வளவு பெரியது கூட இல்லை. மதுரையில் சிகிச்சை முடியும் வரை இந்த மாவட்டப் பெண்கள் தங்க ஓர் இடமும் சாப்பாடும் கிடைத்தால், பாதியில் நிற்பவர்கள் பலர் முடித்துவிடுவார்கள்.

இருக்கிற உதவிகளையாவது கேட்டு வாங்குங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உண்டு. புற்றுநோய் அறுவையும் கீமோவும் கதிர்வீச்சும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் அட்டை பெறலாம். நோய் வருமுன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை தரும் சான்றிதழைக் காட்டினால் சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. கீமோவின் மீதிச் சுற்றுகளை இராமநாதபுரத்திலேயே ஏற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கவும் தயங்க வேண்டாம்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாட்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. பாசி எடுக்கும் பெண்களுக்கோ ஒவ்வொரு மாதமும் கடலுக்குப் போகாத நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களைக் கணக்கிட்டு, தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் பெண் செவிலியர்களைக் கொண்டு மார்பகப் பரிசோதனை நடத்துங்கள். சந்தேகம் உள்ளவர்களுக்கு ஸ்கேனும் பயாப்ஸியும் எந்தத் தேதியில் என்பதை அங்கேயே எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண் தயங்கித் தயங்கி ஒரு கட்டியைப் பற்றிச் சொன்னால், வலிக்கிறதா என்று கேட்காதீர்கள். எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கேளுங்கள், அன்றைக்கு நீங்களும் கூடவே போங்கள்.